இலங்கை துடுப்பாட்ட அணியின் பின்னடைவு

இலங்கை துடுப்பாட்ட அணியின் பின்னடைவு என்பது 2015 ஆம் ஆண்டிற்குப் பின்னர் பன்னாட்டுத் துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்டில்) இலங்கை ஆண்கள் அணி சந்தித்த நீண்டகாலச் சரிவைக் குறிக்கும். 1996 இல் உலகக்கிண்ணத்தையும் 2014 இல் உலக இருபது20 கிண்ணத்தையும் வென்ற இவ்வணி, 2023 உலகக்கிண்ணப் போட்டிகளில் ஒன்பதாம் இடத்தையே பெற்றது. அதனால் 2025 வாகையாளர் கிண்ணப் போட்டிகளில் கலந்துகொள்ளும் தகுதியையும் இழந்தது. மூத்த வீரர்களின் ஓய்வு, உள்நாட்டுப் போட்டி அமைப்பின் குறைகள், நிர்வாகத்தில் அரசியல் தலையீடு, அடிக்கடி நிகழ்ந்த தலைவர் மற்றும் பயிற்சியாளர் மாற்றங்கள் ஆகியன இதற்கான முதன்மைக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இக்காலத்திலும் இவ்வணி சில குறிப்பிடத்தக்க வெற்றிகளைப் பெற்றுள்ளது. எனவே இப்பின்னடைவு திறமையின்மையால் மட்டும் ஏற்பட்டது என்று கொள்ள இயலாது.

பின்னணி

இலங்கையில் துடுப்பாட்டம் பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் வேரூன்றியது. கொழும்பின் ரோயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1879 இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் யாழ் மத்திய கல்லூரிக்கும் புனித யோவான் கல்லூரிக்கும் இடையே நடைபெறும் "வடக்கின் பெரும்போர்" 1904 முதல் நடைபெற்று வருகின்றது. பள்ளிகளே இலங்கைத் துடுப்பாட்டத்தின் நாற்றங்கால்களாக விளங்கின.

தேர்வுத் தகுதி பெறுவதற்கு முன்னர் இலங்கை அணிக்குக் கிடைத்த வெளிப் போட்டிகளுள் தமிழ்நாட்டுடனான கோபாலன் கிண்ணப் போட்டி முக்கியமானது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மொறப்பாக்கத்தில் பிறந்து, துடுப்பாட்டம், வளைதடிப் பந்தாட்டம் (ஹாக்கி) ஆகிய இரண்டிலும் இந்தியாவிற்காக ஆடிய எம். ஜே. கோபாலனின் பெயரால் இக்கிண்ணம் வழங்கப்பட்டது. 1950களின் தொடக்கம் முதல் 1980களின் தொடக்கம் வரை சென்னை (பின்னர் தமிழ்நாடு) அணியும் இலங்கை அணியும் இதில் மோதின.

1979 உலகக்கிண்ணப் போட்டியில் இந்தியாவை வென்ற இலங்கை, 1981 இல் தேர்வுத் தகுதியைப் பெற்றது. 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான தன் முதல் தேர்வுப் போட்டியைக் கொழும்பு பி. சரவணமுத்து விளையாட்டரங்கில் ஆடியது. முதல் தேர்வு வெற்றி 1985 இல் இந்தியாவுக்கு எதிராக அதே அரங்கில் கிடைத்தது.

1996 மார்ச் 17 அன்று லாகூரில் நடைபெற்ற உலகக்கிண்ண இறுதிப்போட்டியில், அர்ச்சுன ரணதுங்க தலைமையிலான இலங்கை ஆத்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்றது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்ததுடன் மூன்று விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். தேர்வுத் தகுதி பெற்று 15 ஆண்டுகளே ஆகியிருந்த, உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஒரு சிறிய நாடு பெற்ற இவ்வெற்றி உலகின் கவனத்தை ஈர்த்தது. 1997 இல் இந்தியாவுக்கு எதிராகக் கொழும்பில் 6 விக்கெட் இழப்பிற்கு 952 ஓட்டங்கள் குவித்து, தேர்வுப் போட்டிகளில் ஓர் அணியின் அதிகபட்ச ஓட்டங்கள் என்ற சாதனையை இலங்கை ஏற்படுத்தியது.

அடுத்த தலைமுறையில் முத்தையா முரளிதரன், சமிந்த வாசு, மகேல ஜயவர்தன, குமார் சங்கக்கார, லசித் மாலிங்க, திலகரத்ன டில்சான், ரங்கன ஹேரத் ஆகியோர் அணியைத் தாங்கினர். 2007, 2011 உலகக்கிண்ணங்களிலும் 2009, 2012 உலக இருபது20 போட்டிகளிலும் இலங்கை இறுதிப்போட்டி வரை முன்னேறித் தோற்றது. 2014 ஏப்ரல் 6 அன்று டாக்காவில் இந்தியாவை வென்று உலக இருபது20 கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதே ஆண்டில் ஆசியக் கிண்ணத்தையும், இங்கிலாந்து மண்ணில் தேர்வுத் தொடரையும் வென்றது.

பின்னடைவின் போக்கு

2015 உலகக்கிண்ணக் காலிறுதியில் சிட்னியில் தென்னாப்பிரிக்காவிடம் 133 ஓட்டங்களுக்குச் சுருண்டு இலங்கை வெளியேறியது. அதற்குப் பிந்தைய முக்கிய நிகழ்வுகள் வருமாறு:

- 2017 மார்ச்: வங்காளதேசம் தனது 100 ஆவது தேர்வுப் போட்டியில் கொழும்பில் இலங்கையை வென்றது.
- 2017 சூலை: உள்நாட்டில் நடந்த ஒருநாள் தொடரை சிம்பாப்வேயிடம் 3–2 என்ற கணக்கில் இழந்தது. அணித்தலைவர் ஏஞ்சலோ மத்தியூசு பதவி விலகினார்.
- 2017: தென்னாப்பிரிக்கா, இந்தியா, பாக்கித்தான் ஆகிய மூன்று அணிகளிடம் ஒருநாள் தொடர்களை 5–0 என இழந்தது. இந்தியாவுடனான அச்சுற்றில் 3 தேர்வு, 5 ஒருநாள், 1 இருபது20 என ஒன்பது போட்டிகளிலும் தோற்றது.
- 2018 செப்டம்பர்: ஆசியக் கிண்ணத்தில் வங்காளதேசத்திடமும் ஆப்கானித்தானிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது.
- 2018 நவம்பர்: இங்கிலாந்திடம் உள்நாட்டில் தேர்வுத் தொடரை 3–0 என இழந்தது.
- 2021, 2022: இருபது20 உலகக்கிண்ணங்களில் நேரடித் தகுதி பெறாமல் முதல் சுற்றில் ஆட நேர்ந்தது. 2022 இல் நமீபியாவிடம் 55 ஓட்டங்களால் தோற்றது.
- 2023 செப்டம்பர் 17: கொழும்பில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப்போட்டியில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. முகமது சிராச் 21 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார்.
- 2023 நவம்பர் 2: மும்பையில் நடந்த உலகக்கிண்ணப் போட்டியில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு 302 ஓட்டங்களால் தோற்றது. ஒன்பது போட்டிகளில் இரண்டில் மட்டுமே வென்றது.
- 2024 சூன்: இருபது20 உலகக்கிண்ணத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நியூ யார்க்கில் 77 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. முதல் சுற்றிலேயே வெளியேறியது.
- 2024 நவம்பர்: டர்பன் தேர்வுப் போட்டியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 42 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இது தேர்வுப் போட்டிகளில் இலங்கையின் மிகக்குறைந்த ஓட்ட எண்ணிக்கையாகும்.

காரணங்கள்

தலைமுறை மாற்றம்

எந்த அணிக்கும் மூத்த வீரர்களின் ஓய்வு இழப்பே. ஆயினும் இலங்கை இழந்த வீரர்களின் அளவு அசாதாரணமானது. தேர்வுப் போட்டிகளில் 800 விக்கெட்டுகளைக் கைப்பற்றிய முரளிதரன் 2010 இல் தேர்வுத் துடுப்பாட்டத்திலிருந்தும் 2011 இல் ஒருநாள் போட்டிகளிலிருந்தும் ஓய்வு பெற்றார். ஜயவர்தன 2014 இல் தேர்வுப் போட்டிகளிலிருந்து விலகினார். 2015 உலகக்கிண்ணத்துடன் அவரும் சங்கக்காரவும் ஒருநாள் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றனர். சங்கக்கார தேர்வுப் போட்டிகளிலிருந்து 2015 ஆகத்தில் விடைபெற்றார். சங்கக்கார 12,400, ஜயவர்தன 11,814 என இருவரும் சேர்ந்து எடுத்த தேர்வு ஓட்டங்கள் 24,214 ஆகும். டில்சான் 2016 இலும், 433 தேர்வு விக்கெட்டுகளை எடுத்த ஹேரத் 2018 இலும் விலகினர்.

மூத்த வீரர்கள் நீண்டகாலம் ஒருசேர ஆடியமையால் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களுக்குப் போதிய வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பது ஒரு கருத்து. 2007 முதல் 2014 வரையிலான வெற்றிகள் அடியில் இருந்த குறைகளை மறைத்தன என்றும் கூறுவர். ஒரு நல்ல தலைமுறை ஓய்வு பெறுவது சரிவின் தொடக்கத்தை விளக்கும். அச்சரிவு பத்தாண்டுகள் நீடித்தமைக்கு அது மட்டும் விளக்கமாகாது. ஏனெனில் இதே காலத்தில் பிற அணிகளும் தமது முதன்மை வீரர்களை இழந்து மீண்டுள்ளன.

உள்நாட்டுப் போட்டி அமைப்பு

இலங்கையின் முதல்தரப் போட்டிகள் கழகங்களை (கிளப்புகளை) அடிப்படையாகக் கொண்டவை. சிங்கள விளையாட்டுக் கழகம், கோல்ட்ஸ், நொன்டெசுகிறிப்ட்சு, 1899 இல் நிறுவப்பட்ட தமிழ் யூனியன் முதலிய பழமையான கழகங்கள் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. முரளிதரன் ஆடியது தமிழ் யூனியன் கழகத்திற்காகவே ஆகும்.

முதல்தரத் தகுதி பெற்ற கழகங்களின் எண்ணிக்கை காலப்போக்கில் 20 இற்கும் மேலாக உயர்ந்தது. இதன் பொருளை ஒப்பீட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ 2.2 கோடி மக்கள் வாழும் இலங்கையில் 20 இற்கும் மேற்பட்ட முதல்தர அணிகள் இருந்தன. இலங்கையை விடச் சற்றே கூடுதலான மக்கள்தொகை கொண்ட ஆத்திரேலியாவில் ஆறு மாநில அணிகளே உள்ளன. நியூசிலாந்திலும் ஆறு அணிகளே. 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவின் ரஞ்சிக் கிண்ணத்தில் ஆடும் அணிகள் 38 ஆகும்.

அணிகள் பெருகினால் திறமை பரவுகின்றது, போட்டியின் தரம் தாழ்கின்றது. ஆத்திரேலியாவில் ஒரு மாநில அணியில் இடம்பிடிக்க ஏறத்தாழ 66 பேருக்குள் ஒருவராக இருக்கவேண்டும். இலங்கையில் 20 அணிகள் எனக் கொண்டாலும் 220 பேருக்குள் ஒருவராக இருந்தால் போதும். எனவே கழக ஆட்டங்களில் ஓட்டங்களைக் குவித்த மட்டையாளர், பன்னாட்டுப் போட்டியில் முதன்முறையாகத் தரமான பந்துவீச்சைச் சந்திக்கும் நிலை ஏற்படுகின்றது. தெரிவாளர்களுக்கும் உள்நாட்டு ஓட்டக்கணக்குகள் நம்பகமான அளவுகோலாக அமைவதில்லை.

இதற்கு மாற்றாக மாகாண அணிகளைக் கொண்ட போட்டிகள் பலமுறை தொடங்கப்பட்டு, சில பருவங்களில் நிறுத்தப்பட்டன. கழகங்கள் வாரியத் தேர்தலில் வாக்களிப்பவை. ஆகவே கழகங்களின் எண்ணிக்கையையோ தகுதியையோ குறைக்கும் எந்த நிர்வாகமும் தனது வாக்குகளை இழக்க நேரிடும். சீர்திருத்தம் நிலைக்காமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் என விமர்சகர்கள் கருதுகின்றனர்.

பள்ளித் துடுப்பாட்டம்

1980கள், 1990களில் வீரர்கள் பள்ளியிலிருந்து ஏறத்தாழ நேரடியாகவே தேசிய அணிக்குள் நுழைந்தனர். ரணதுங்க ஆனந்தா கல்லூரி மாணவராக இருந்தபோதே 1982 இன் முதல் தேர்வுப் போட்டியில் ஆடினார். பன்னாட்டுத் துடுப்பாட்டம் தொழில்முறையாக மாறிய பின்னர் இவ்வழி போதுமானதாக இல்லை. 19 வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் வீரருக்கும் 23 அல்லது 24 வயதில் தேசிய அணிக்கு முதிர்ந்து வரும் வீரருக்கும் இடையிலான ஆண்டுகளை நிரப்புவது உள்நாட்டுப் போட்டிகளின் பணியாகும். அந்தப் பாலம் வலுவின்றி இருந்தது. மேலும் கல்விப் போட்டியும் கட்டணத் தனிவகுப்புகளும் பெருகியதால் மாணவர்கள் விளையாட்டிற்கு ஒதுக்கும் நேரம் குறைந்தது.

ஆடுகளங்கள்

இலங்கையின் ஆடுகளங்கள் பொதுவாக மெதுவானவை, சுழற்பந்து வீச்சிற்கு ஏற்றவை. ஹேரத் இருந்த காலத்தில் இது பெரும் பலமாக இருந்தது. 2016 இல் ஆத்திரேலியாவை உள்நாட்டுத் தேர்வுத் தொடரில் 3–0 என இலங்கை வென்றது. அவ்வாறான களங்களையே உள்நாட்டுப் போட்டிகளிலும் பயன்படுத்தியதால் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நீண்ட நேரம் வீசும் வாய்ப்புக் குறைந்தது. மட்டையாளர்களுக்கு எழும்பி வரும் வேகப்பந்தை எதிர்கொள்ளும் பழக்கமும் குன்றியது. 2024 இல் டர்பனில் எடுத்த 42 ஓட்டங்கள் இக்குறையின் கடுமையான வெளிப்பாடாகும்.

தரமான சுழற்பந்து வீச்சாளர்களைக் கொண்ட எதிரணி வந்தபோது இதே களங்கள் இலங்கைக்கே பாதகமாகவும் முடிந்தன. 2018 இல் இங்கிலாந்து 3–0 எனவும், 2025 தொடக்கத்தில் ஆத்திரேலியா காலியில் 2–0 எனவும் வென்றன. காலியின் முதல் போட்டியில் ஆத்திரேலியா 6 விக்கெட் இழப்பிற்கு 654 ஓட்டங்கள் எடுத்து, ஓர் ஆட்டச்சுற்று மற்றும் 242 ஓட்டங்களால் வென்றது.

நிர்வாகமும் அரசியல் தலையீடும்

1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, இலங்கையில் தேசிய அணிகளுக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதல் தேவை. வாரியத்தைக் கலைத்து இடைக்காலக் குழுவை அமர்த்தும் அதிகாரத்தையும் அமைச்சர்கள் பலமுறை பயன்படுத்தியுள்ளனர். 1990களின் இறுதி முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகமும் இடைக்காலக் குழுவும் மாறிமாறிப் பொறுப்பேற்றன.

இத்தலையீடு ஆடுகளம் வரை எட்டியதற்கு 2017 டிசம்பர் நிகழ்வு எடுத்துக்காட்டாகும். இந்தியாவில் ஒருநாள் தொடரில் ஆடப் புறப்பட்ட ஒன்பது வீரர்கள், அணிக்கு அமைச்சரின் ஒப்புதல் கிடைக்காததால் தடுத்து நிறுத்தப்பட்டனர்.

2011 சூலையில் இலண்டன் லோர்ட்சில் கவுட்ரி நினைவுச் சொற்பொழிவாற்றிய சங்கக்கார, 1996 வெற்றிக்குப் பின்னர் வாரியத்திற்கு வந்த பணமும் அதிகாரமும் நிர்வாகத்தைச் சீரழித்ததாக வெளிப்படையாகக் குறை கூறினார். ஆடிக்கொண்டிருக்கும் வீரர் ஒருவர் இவ்வாறு பேசியது அரிதானது. அவ்வுரை குறித்து விசாரிக்க விளையாட்டுத்துறை அமைச்சர் உத்தரவிட்டார்.

2023 இல் இம்மோதல் உச்சத்தை அடைந்தது. நவம்பர் 6 அன்று விளையாட்டுத்துறை அமைச்சர் ரொசான் ரணசிங்க வாரியத்தைக் கலைத்து, அர்ச்சுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை அமைத்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 9 அன்று வாரிய நிர்வாகிகள் விலகவேண்டும் எனக் கோரும் தீர்மானத்தை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நாடாளுமன்றத்தில் நிறைவேற்றின. நவம்பர் 10 அன்று, அரசின் தலையீட்டைக் காரணங்காட்டி, பன்னாட்டுத் துடுப்பாட்ட அவை (ஐசிசி) இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அமைச்சர் அம்மாத இறுதியில் பதவி நீக்கப்பட்டார். இடைநிறுத்தம் 2024 சனவரி 28 அன்று நீக்கப்பட்டது.

இதில் இரு தரப்பு வாதங்களும் கவனிக்கத்தக்கவை. பொதுமக்களின் விளையாட்டைச் சீரழிக்கும் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க நாடாளுமன்றத்திற்கு உரிமை உண்டு என்பது ஒரு வாதம். ஒவ்வோர் ஆட்சி மாற்றத்திலும் வாரியமும் மாறினால் நீண்டகாலத் திட்டம் எதுவும் நிறைவேறாது என்பது மற்றொன்று. ஐசிசி விதிகள் அரசின் தலையீட்டைத் தடுக்கின்றன. ஆனால் கழக வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகம் தவறினால் அதனை உள்ளிருந்து திருத்தும் வழி எது என்பதற்கு அவை எளிய விடை தருவதில்லை.

தலைவர், பயிற்சியாளர் மாற்றங்கள்

2014 இல் உலக இருபது20 கிண்ணத்தை வென்ற சில நாட்களிலேயே பயிற்சியாளர் போல் பார்பிரேசு இங்கிலாந்து அணியின் துணைப் பயிற்சியாளராகச் சென்றுவிட்டார். அவருக்குப் பின்னர் மாவன் அத்தப்பத்து, கிரகாம் போர்டு, சந்திக்க அத்துருசிங்க, மிக்கி ஆர்தர், கிறிசு சில்வர்வுட், சனத் ஜயசூரிய ஆகியோர் பத்தாண்டுகளுக்குள் தலைமைப் பயிற்சியாளர்களாகப் பொறுப்பேற்றனர். இடையில் தற்காலிகப் பயிற்சியாளர்களும் இருந்தனர்.

தலைவர் பதவியும் நிலையற்றதாகவே இருந்தது. 2017 இல் இந்தியாவுக்கு எதிரான ஐந்து ஒருநாள் போட்டிகளில் உபுல் தரங்க, சாமர கப்புகெதர, லசித் மாலிங்க என மூவர் தலைமை தாங்கினர். 2019 உலகக்கிண்ணத்திற்குத் தலைவராக அறிவிக்கப்பட்ட திமுத் கருணாரத்ன, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் ஒருநாள் போட்டி எதிலும் ஆடாதவர். 2021 இல் அவருக்குப் பதிலாக குசல் பெரேராவும், சில வாரங்களில் தசுன் சானக்கவும் அமர்த்தப்பட்டனர். 2023 உலகக்கிண்ணத்தின் நடுவே சானக்க காயமடைந்ததால் குசல் மெண்டிசு தலைமையேற்றார். 2024 இல் சரித் அசலங்க வந்தார்.

ஒவ்வொரு மாற்றமும் அணித்தெரிவின் மாற்றமாகவும் அமைந்தது. அடுத்த தொடரில் இடம் கிடைக்குமா என்ற ஐயத்துடன் ஆடும் இளம் வீரர், தோல்விகளிலிருந்து கற்கும் காலத்தை இழக்கின்றார்.

நிதி

2011 உலகக்கிண்ணத்தை இந்தியா, வங்காளதேசத்துடன் இணைந்து நடத்தியபோது, அம்பாந்தோட்டையிலும் பல்லேகலையிலும் புதிய அரங்குகளும், கொழும்பு ஆர். பிரேமதாச அரங்கின் விரிவாக்கமும் மேற்கொள்ளப்பட்டன. இவற்றால் வாரியம் கடனில் மூழ்கியது. உலகக்கிண்ண இறுதிப்போட்டி வரை சென்ற வீரர்களே மாதக்கணக்கில் ஊதியமின்றி ஆடினர்.

உலகத் துடுப்பாட்டத்தின் வருவாய்ப் பகிர்வும் சிறிய வாரியங்களுக்குச் சாதகமாக இல்லை. 2024–2027 காலத்திற்கென வெளியான பகிர்வுத் திட்டத்தில் இந்தியாவின் பங்கு 38.5 விழுக்காடு, இலங்கையின் பங்கு ஏறத்தாழ 4.5 விழுக்காடு மட்டுமே. எனவே இந்திய அணியின் வருகையே இலங்கை வாரியத்தின் பெரிய வருவாய் வாய்ப்பாகும். எனினும் ஏறத்தாழ இதே அளவு பங்கைப் பெறும் நியூசிலாந்து 2021 இல் உலகத் தேர்வு வாகையர் பட்டத்தை வென்றது. இதனால் பணமின்மையை மட்டும் காரணமாகக் கூற இயலாது.

2022 இன் பொருளாதார நெருக்கடியும் அதற்கு முந்தைய பெருந்தொற்றும் வீரர்களின் வாழ்வைப் பாதித்தன. தேசிய அணியின் விளிம்பில் இருந்த சிலர் வாழ்வாதாரம் தேடி ஐக்கிய அமெரிக்காவில் குடியேறினர். 2021 இல் ஒப்பந்த முறை தொடர்பாக வாரியத்திற்கும் முன்னணி வீரர்களுக்கும் இடையே பிணக்கும் ஏற்பட்டது.

ஊழல் வழக்குகளும் ஒழுங்கும்

2010களின் பிற்பகுதியில் ஐசிசியின் ஊழல் தடுப்புப் பிரிவு இலங்கையில் விரிவான விசாரணைகளை மேற்கொண்டது. விசாரணைக்கு ஒத்துழைக்காததற்காக முன்னாள் தலைவர் சனத் ஜயசூரியவுக்கு 2019 பெப்ரவரியில் இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. முன்னாள் பந்துவீச்சாளர்கள் நுவன் சொய்சாவும் தில்கார லொக்குகெட்டிகேவும் 2021 இல் நீண்டகாலத் தடை பெற்றனர். 2019 நவம்பரில் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தடைக்காலம் முடிந்த ஜயசூரிய 2024 இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார்.

2021 இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தின்போது பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளை மீறியதற்காக குசல் மெண்டிசு, நிரோசன் டிக்வெல்ல, தனுசுக குணதிலக்க ஆகிய மூவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டு, 2022 சனவரியில் நீக்கப்பட்டது.

காயங்கள்

வேகப்பந்து வீச்சாளர்களின் தொடர் காயங்களும் அணியைப் பாதித்தன. துசுமந்த சமீர பல தொடர்களை இழந்தார். முதன்மைச் சுழற்பந்து வீச்சாளர் வனிந்து அசரங்க காயத்தால் 2023 உலகக்கிண்ணத்தில் ஆடவில்லை. உடற்தகுதி அளவுகோல்கள் அடிக்கடி மாற்றப்பட்டதும் பிணக்கிற்கு வழிகோலியது. புதிய விதிகள் வந்த காலத்தில் பானுக ராஜபக்ச 2022 சனவரியில் ஓய்வை அறிவித்துப் பின்னர் திரும்பப் பெற்றார். அதே ஆண்டின் ஆசியக் கிண்ண இறுதியில் வெற்றிக்கு வித்திட்டவரும் அவரே.

பயன்படாத பகுதிகள்

உள்நாட்டுப் போர்க்காலத்தில் (1983–2009) வடக்கு, கிழக்கு மாகாணங்கள் தேசியத் துடுப்பாட்டத்திலிருந்து ஏறத்தாழத் துண்டிக்கப்பட்டன. பள்ளிப் போட்டிகள் தொடர்ந்தபோதும், புல்தரை ஆடுகளங்களும் பயிற்சி வசதிகளும் அங்கு அரிதாகவே இருந்தன. முரளிதரன் இலங்கையின் மிகப்பெரும் வீரராக விளங்கினார் எனினும், அவர் மலையகத்தின் கண்டியைச் சேர்ந்தவர். போர் முடிந்த பின்னரும் வடக்கிலிருந்து தேசிய அணிக்கு வீரர்கள் வருவது தாமதமாகவே நிகழ்ந்தது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாசுகாந்த் 2020 இல் தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடி அறிமுகமானார். 2023 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்காக ஆடினார். 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தின் மண்டைதீவில் பன்னாட்டுத் துடுப்பாட்ட அரங்கிற்கான பணிகள் தொடங்கி வைக்கப்பட்டன. கொழும்பிற்கு வெளியே உள்ள இவ்வாறான பகுதிகளின் திறமையைப் பயன்படுத்தாமை பின்னடைவின் ஒரு காரணமாகவும், பயன்படுத்துதல் அதற்கான தீர்வுகளுள் ஒன்றாகவும் கருதப்படுகின்றது.

விளைவுகள்

தோல்விகளின் விளைவு தரவரிசையுடன் நிற்கவில்லை. 2023 உலகக்கிண்ணத்திற்கு நேரடித் தகுதி கிடைக்காததால் சிம்பாப்வேயில் தகுதிச்சுற்று ஆடவேண்டியிருந்தது. அதன் வழியே தகுதி பெற்ற முன்னாள் உலக வாகையர் இறுதிப்போட்டியில் நெதர்லாந்தையும் வென்றனர். 2025 வாகையாளர் கிண்ணத்தில் இடமில்லாமற் போனதால் பங்கேற்பு வருவாயையும் பெரிய அணிகளுடன் ஆடும் வாய்ப்பையும் இழந்தனர். உறுப்புரிமை இடைநிறுத்தத்தால் 2024 இல் இலங்கையில் நடைபெறவிருந்த 19 வயதிற்குட்பட்டோர் உலகக்கிண்ணம் தென்னாப்பிரிக்காவிற்கு மாற்றப்பட்டது. நிர்வாகிகளின் பூசலுக்குச் சொந்த மண்ணில் உலகக்கிண்ணம் ஆடும் வாய்ப்பை விலையாகக் கொடுத்தவர்கள் பள்ளி மாணவர்களே ஆவர்.

இடையிடையே கிடைத்த வெற்றிகள்

பின்னடைவுக் காலத்திலும் இலங்கை அணி வியக்கத்தக்க வெற்றிகளைப் பெற்றுள்ளது.

- 2019 பெப்ரவரி: தென்னாப்பிரிக்காவில் தேர்வுத் தொடரை 2–0 என வென்ற முதல் ஆசிய அணியானது. டர்பனில் குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153 ஓட்டங்கள் எடுத்தார். இறுதி விக்கெட்டிற்கு விசுவ பெர்னாண்டோவுடன் பிரியாமல் 78 ஓட்டங்கள் சேர்த்து ஒரு விக்கெட் வெற்றியைப் பெற்றுத்தந்தார்.
- 2022 செப்டம்பர்: பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்திற்கு மாற்றப்பட்ட ஆசியக் கிண்ணத்தை, பாக்கித்தானை 23 ஓட்டங்களால் வென்று கைப்பற்றியது.
- 2024 பெப்ரவரி: ஆப்கானித்தானுக்கு எதிராக பத்தும் நிசங்க ஆட்டமிழக்காமல் 210 ஓட்டங்கள் எடுத்தார். இதுவே ஒருநாள் போட்டிகளில் இலங்கையரின் முதல் இரட்டைச் சதமாகும்.
- 2024 ஆகத்து: 1997 இற்குப் பின்னர் முதன்முறையாக இந்தியாவை ஒருநாள் தொடரில் வென்றது.
- 2024 செப்டம்பர்: இங்கிலாந்தை ஓவல் தேர்வுப் போட்டியிலும், நியூசிலாந்தைக் காலியில் 2–0 எனவும் வென்றது. இளம் மட்டையாளர் கமிந்து மெண்டிசு 13 ஆட்டச்சுற்றுகளில் 1,000 தேர்வு ஓட்டங்களைக் கடந்து டொன் பிராட்மனின் வேகத்தைச் சமன்செய்தார்.

2024 சூலையில் சமரி அத்தப்பத்து தலைமையிலான இலங்கை மகளிர் அணி, தம்புள்ளையில் இந்தியாவை வென்று தனது முதல் ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதே வாரியத்தின் கீழ், குறைந்த வசதிகளுடன் பெற்ற வெற்றி இதுவாகும்.

இவ்வெற்றிகள் திறமை வற்றிவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன. ஒரு தொடரில் வென்ற அணி அடுத்த தொடரில் சுருண்டு விழும் நிலையின்மையே பின்னடைவின் உண்மையான அடையாளம் என்பர். ஓவலில் வென்ற அணியே மூன்று மாதங்களுக்குள் டர்பனில் 42 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது.

பிற அணிகளுடன் ஒப்பீடு

1970கள், 1980களில் கோலோச்சிய மேற்கிந்தியத் தீவுகள் அணியும் மூத்த தலைமுறையின் ஓய்வு, வாரியத்திற்கும் வீரர்களுக்கும் இடையிலான பிணக்கு, வெளிநாட்டு இருபது20 போட்டிகளின் ஈர்ப்பு ஆகியவற்றால் சரிந்தது. 2023 உலகக்கிண்ணத்திற்கு அது தகுதி பெறவே இல்லை. சிம்பாப்வே 2000களில் அரசியல் நெருக்கடியால் தன் முதன்மை வீரர்களை இழந்தது. 2019 இல் அரசின் தலையீட்டிற்காக ஐசிசியால் இடைநிறுத்தப்பட்டது. மாறாக, ஆறு மாகாண அணிகளையும் மையப்படுத்திய ஒப்பந்த முறையையும் கொண்ட நியூசிலாந்து, சிறிய நாடாக இருந்தபோதும் 2015, 2019 உலகக்கிண்ண இறுதிப்போட்டிகளுக்கு முன்னேறியது. மக்கள்தொகையை விட அமைப்பே முக்கியம் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகின்றது.

சீர்திருத்த முயற்சிகள்

2022 இல் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து அணிகளைக் கொண்ட தேசிய சூப்பர் லீக் தொடங்கப்பட்டது. சிறந்த வீரர்களைச் சில அணிகளுக்குள் ஒருங்கிணைத்துப் போட்டியின் தரத்தை உயர்த்துவது இதன் நோக்கமாகும். 2012 இல் ஒரு பருவத்துடன் நின்றுபோன முந்தைய இருபது20 தொடருக்கு மாற்றாக, 2020 முதல் லங்கா பிரிமியர் லீக் நடைபெற்றது. அதன் முதல் மூன்று பருவங்களிலும், 2024 இலும் யாழ்ப்பாண அணியே கிண்ணத்தை வென்றது.

குறைந்த எண்ணிக்கையிலான தரமான முதல்தர அணிகள், வேகப்பந்துக்கும் இடமளிக்கும் ஆடுகளங்கள், அரசியல் மாற்றங்களால் குலையாத நிர்வாகம், தெரிவில் நிலைத்தன்மை ஆகிய நான்கும் பெரும்பாலான பரிந்துரைகளில் இடம்பெறுகின்றன. இவற்றில் எதுவும் புதியதன்று. இவற்றை நிறைவேற்ற வேண்டியவர்கள் இப்போதைய அமைப்பினால் வாக்கும் அதிகாரமும் பெறுபவர்களாகவே இருப்பதுதான் சிக்கலின் மையமாகும்.